பங்க்கில் பிக்கப் போடும் சத்தங்கள்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி என்ன என்பதை மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் டீசல் பிக்கப். சில மாதங்களாக டீசல் அடிக்கும்போது இரண்டு லிட்டருக்கு ஒரு தரம் நாசில் 'டக்'கென்று கட் ஆகிறது. டேங்குக்குள் குடுகுடுவென்று சத்தம். மூடியைத் திறந்தால் 'உஸ்ஸ்'. ஃபுல் டேங்க் அடித்துக் கிளம்பும் நாளில் மட்டும், சில சமயம் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இழுக்கத் திணறுகிறது, அது ஏன் என்றும் கேட்கிறார். ஸ்டாண்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதம். ஒருவர் பங்க்கில் மீட்டர் மோசடி என்கிறார். இன்னொருவர் டேங்கில் ஏர் லாக், அதாவது காற்று சிக்கி டீசலை ஓட விடவில்லை என்கிறார். வீடியோக்கள் நிறையப் பார்க்கும் மூன்றாமவர், கேனிஸ்டர் என்கிற ஆவி பிடிக்கும் டப்பா போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். கடைசி வரியில் ஒரு தகவல்: போன வருஷம் பின்பக்க பாடியை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், மற்றபடி வண்டியில் கை வைக்கவில்லை.

அந்த மூன்று பேர் சொன்னதும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். போகிற போக்கில் நீங்கள் சொன்ன பாடி விஷயத்தில்தான் பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி டேங்க் மூடியில். பிக்கப் வைத்திருக்கும் எல்லோருக்கும் எப்போதாவது வரும் சந்தேகம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாசில் எப்படித் தானாக நிற்கிறது என்று தெரிந்தால் சண்டை பாதி முடிந்துவிடும். நாசிலின் மூக்கு நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அடுத்த தடவை பங்க்கில் உற்றுப் பாருங்கள், மிளகு போகிற அளவுதான். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடிக்குள் போகிறது. டீசல் வேகமாகப் பாயும்போது உள்ளே ஒரு குறுகலான இடத்தில் உறிஞ்சும் விசை உண்டாகி, அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று வந்துகொண்டிருக்கும் வரை ஒன்றும் நடக்காது. டீசல் மட்டம் ஏறி ஓட்டையை மூடியதும் காற்று வரவு நின்றுபோகும். உள்ளே உறிஞ்சல் கூடி ஒரு டயஃப்ரம் இழுபடும், கொக்கி விடுபடும், டீசல் நிற்கும். அந்த 'டக்' இதுதான். இதற்குக் கரண்ட் வேண்டாம், சென்சார் வேண்டாம், மீட்டரோடு சம்பந்தமும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டேங்க் நிறைந்துவிட்டதா என்பது நாசிலுக்குத் தெரியாது. தன் ஓட்டை மூடப்பட்டதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். டேங்கின் கழுத்தில், அதாவது நாசிலை நுழைக்கும் குழாயில், டீசல் தேங்கி நின்றாலும் மூடும், நுரை பொங்கி வந்தாலும் மூடும். டேங்கில் கால்வாசிதான் இருக்கிறது என்றாலும் கட் ஆகத்தான் செய்யும்.

சரி, இரண்டு லிட்டரிலேயே ஏன் டீசல் கழுத்தில் தேங்குகிறது? உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி கிடைக்காததால்தான். கார், பிக்கப் பக்கம் இருக்கும் சாதாரண நாசிலில் நிமிஷத்துக்கு 40 லிட்டர் அளவில் டீசல் வரும். அப்படியென்றால் அதே நிமிஷத்தில் 40 லிட்டர் காற்று டேங்கை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அதற்காகவே கழுத்தின் பெரிய ஹோஸோடு ஒட்டி இன்னொரு மெல்லிய ஹோஸ் ஓடும். பிரீத்தர் ஹோஸ் என்பார்கள். டேங்கின் மேல்தலையில் கிளம்பி கழுத்தின் வாய்க்குக் கொஞ்சம் கீழே வந்து சேரும். டீசல் பெரிய ஹோஸில் இறங்கும், காற்று சின்ன ஹோஸில் ஏறும். சின்ன வழி அடைபட்டால் காற்று பெரிய ஹோஸ் வழியாகவே டீசலைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். குடத்தைக் குளத்தில் அமுக்கும்போது வருகிற அதே குடுகுடுதான் உங்கள் டேங்கில் கேட்பதும். அந்தக் காற்று டீசலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வருவதால் ஓட்டை மூடி, நாசில் கட் ஆகிறது.

இப்போது பாடி விஷயத்துக்கு வருகிறேன். பாடி கட்டும் பட்டறையில் பழைய பாடியை இறக்கும்போது டேங்க் கழுத்தைக் கழற்றுவார்கள். குறுக்குச் சட்டங்களை வெல்டிங் பண்ணிவிட்டுக் கழுத்தை மறுபடி மாட்டுவார்கள். அவர்கள் வேலை பாடி கட்டுவது, அதை நன்றாகவே செய்வார்கள். ஆனால் இந்தச் சின்ன ஹோஸ் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில் யாரும் அக்கறை காட்டுவதில்லை. அதனால் வருகிற கோளாறுகளில் நான் அதிகம் பார்ப்பது, ஹோஸ் புதுச் சட்டத்துக்கும் டேங்குக்கும் நடுவில் நசுங்கிக் கிடப்பது. அடுத்தது, நீளம் கூடிப்போய் நடுவில் தொட்டில் மாதிரி தொங்குவது. வெளியே பார்க்க ஹோஸ் புத்தம் புதிதாக இருக்கும். ஆனால் அந்தத் தாழ்ந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு மடக்கு டீசல் தேங்கிவிடும், காற்று அதைத் தள்ளிக்கொண்டு போக முடியாமல் நிற்கும். மெக்கானிக் ஊதிப் பார்த்தால் தேங்கிய டீசல் அப்போதைக்குப் போய்விடும், ஹோஸ் நன்றாக இருக்கிறது என்பார். அடுத்த தடவை டீசல் அடிக்கும்போது பழைய கதை ஆரம்பித்துவிடும். அப்புறம், பழைய ஹோஸ் கிழிந்துவிட்டது என்று தண்ணீர் மோட்டாருக்குப் போடும் டியூபை வெட்டிப் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. டீசலுக்கென்று செய்யாத ரப்பர் டீசலில் ஊறினால் உள்பக்கம் உப்பிக்கொண்டு துவாரத்தைச் சுருக்கிவிடும். இது சில மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். உங்களுக்கும் சில மாதங்களாகத்தான் பிரச்சினை என்பதால் எனக்கு இதன் மேல் சந்தேகம் அதிகம்.

பாடி கட்டாமலே இப்படி ஆகும் வண்டிகளும் உண்டு. மண் ரோட்டிலும் வயலிலும் ஓடும் வண்டியில் ஹோஸ் முனையில் சேறு காய்ந்து இறுகிவிடும். மாதக்கணக்கில் நிறுத்திப் போட்ட வண்டியில் திறந்த குழாய் வாய்களில் குளவி மண்ணை வைத்து அடைத்திருக்கும். பூச்சி விஷயத்தை லேசாக எடுக்கக்கூடாது. 2011-இல் வட அமெரிக்காவில் மஸ்டா நிறுவனம் 65,000 வாக்கில் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று பெட்ரோல் டேங்கின் காற்றுக் குழாயில் கூடு கட்டியதுதான். காற்று வழி அடைபட்டு, டேங்குக்குள் வெற்றிடம் கூடி, டேங்கே விரிசல் விட வாய்ப்பு உண்டு என்பதற்காக அத்தனை வண்டிகளையும் அழைத்தார்கள்.

மூடியைத் திறந்தால் வரும் 'உஸ்ஸ்' வேறு விஷயம். நீங்கள் இரண்டையும் ஒரே கோளாறாக நினைக்கிறீர்கள், அது அப்படி இல்லை. பிரீத்தர் ஹோஸ் டீசல் அடிக்கும் நேரத்துக்கு மட்டும் உதவுவது. வண்டி ஓடும்போது டீசல் குறையக் குறைய, குறைந்த இடத்துக்கு வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். பல வண்டிகளில் அந்த வழி மூடிக்குள்ளேயே ஒரு சின்ன வால்வாக இருக்கும், சிலவற்றில் டேங்கின் மேலே தனிக் குழாயாக இருக்கும். அந்த வால்வு தூசியிலோ துருவிலோ ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே போகாது. டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். இஞ்சின் பம்ப் ஒரு பக்கம் இழுக்க, டேங்க் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வண்டி திணறுகிறது.

ஃபுல் டேங்க் அடித்த நாளில் மட்டும் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, இதுதான் எனக்கு மூடி மேல் சந்தேகம் வரக் காரணம். டேங்க் பாதி காலி என்றால் உள்ளே 30 லிட்டர் காற்று இருக்கும். ஒரு லிட்டர் டீசல் குறைந்தால் அந்தக் காற்று கொஞ்சம் விரிந்து கொடுத்துவிடும், அழுத்தம் பெரிதாக மாறாது. ஃபுல் டேங்கில் காற்று இரண்டு மூன்று லிட்டர்தான் இருக்கும். அதில் ஒரு லிட்டர் டீசல் குறைந்தாலே காற்று மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று விரிய வேண்டும், வெற்றிடம் சட்டென்று ஏறிவிடும். வால்வு ஒட்டியிருக்கும் வண்டி ஃபுல் டேங்கில் சீக்கிரம் திணறுவதும் அரை டேங்கில் சமாளிப்பதும் இதனால்தான்.

சோதிப்பது சுலபம். அடுத்த தடவை திணறும்போது ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். பக்கத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடியுங்கள். காகிதம் உள்பக்கம் இழுபட்டால் வெற்றிடம், வெளிப்பக்கம் பறந்தால் அழுத்தம். உள்ளே இழுத்து, மூடியை மறுபடி போட்ட பிறகு வண்டி கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் குற்றவாளி அந்த வால்வுதான். அதை மண்ணெண்ணெயில் கழுவித் தற்காலிகமாகச் சரிசெய்யலாம், ஆனால் உங்கள் மாடலுக்கு உரிய புது மூடி வாங்குவதே நல்லது. எந்த மூடியும் பொருந்தும் என்று வேறு வண்டி மூடியைப் போடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், வால்வு இல்லாததாக இருக்கலாம். மூடி தொலைந்தால் பாலித்தீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

லேசான 'உஸ்' எல்லா வண்டியிலும் வரும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். வால்வு ஓரளவு வெற்றிடம் சேர்ந்த பிறகுதான் திறக்கும். அதோடு, டீசல் வண்டியில் இஞ்சின் பக்கம் போன டீசலில் ஒரு பகுதி சூடாகி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. நீண்ட தூரம் ஓடி வந்தால் டேங்க் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே காற்றும் விரிந்திருக்கும். இரும்பு டேங்காக இருந்தால் மூடியைத் திறந்ததும் தகரம் 'டொங்' என்று ஒரு சத்தம் போடும். அது வளைந்த தகடு தன் இடத்துக்குத் திரும்புகிற சத்தம். எப்போதாவது என்றால் சரி. ஒவ்வொரு முறையும் பெரிய சத்தமாக வந்தால் வால்வைப் பாருங்கள்.

இனி உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். மீட்டர் மோசடி என்று சொல்பவருக்கு: நாசில் கட் ஆனால் டீசல் ஓடாது, டீசல் ஓடாவிட்டால் மீட்டரும் ஓடாது. ஒரே பங்க்கில் மற்ற வண்டிகளுக்கு ஒழுங்காக ஏறி உங்களுக்கு மட்டும் கட் ஆகிறதா, எல்லாப் பங்க்கிலும் உங்களுக்குக் கட் ஆகிறதா என்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும். அளவில் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் உங்கள் கண் முன்னே அளந்து காட்ட வேண்டும். 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம். கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம், அது உங்கள் உரிமை.

ஏர் லாக் என்பவர் பாதி சரி, இடம்தான் தப்பு. டேங்கில் எப்போதும் காற்று இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஏர் லாக் வருவது டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகும் லைனில். டீசல் சுத்தமாகத் தீர்ந்து வண்டி நின்றால், ஃபில்டர் மாற்றினால், எங்காவது கிளிப் தளர்ந்து காற்று உறிஞ்சினால் அது வரும். அப்போது ஃபில்டர் மேல் இருக்கும் ஹேண்ட் பம்பை அழுத்தி ஏர் எடுக்க வேண்டும். உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடிவிட்டுப் பிறகு திணறுகிறது. அது ஏர் லாக்கின் லட்சணம் இல்லை.

கேனிஸ்டர் என்பவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் அது பெட்ரோல் வண்டியின் கதை. அவர் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பிக்கப்கள் பற்றியவை. அங்கே பிக்கப் என்றால் பெரும்பாலும் பெட்ரோல்தான். பெட்ரோல் ஆவி ஊர்க் காற்றில் கலக்கக்கூடாது என்று அங்கே கடுமையான சட்டம். கார்களில் 1998-லிருந்தும், பிக்கப் போன்ற வண்டிகளில் 2001 தொடங்கி 2006-க்குள்ளும், பெட்ரோல் அடிக்கும்போது வெளியேறும் ஆவியையும் வண்டியே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். அதாவது டேங்கை விட்டு வெளியேறும் காற்று முழுவதும் கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பா வழியாகத்தான் போக வேண்டும். அந்த டப்பாதான் கேனிஸ்டர். அதன் வெளிவாயில் தூசி அடைத்தால் காற்று போக வழியில்லை, நாசில் கட் ஆகிக்கொண்டே இருக்கும். தூசிப் பாதையில் ஓடும் பிக்கப்களுக்கு இது அங்கே பழகிப்போன தலைவலி.

இன்னொரு கோளாறும் அங்கிருந்துதான் இங்கே பேச்சுக்கு வந்திருக்கிறது: பெட்ரோல் அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டு கிளம்புவது. கேனிஸ்டரில் சேர்ந்த ஆவியை இஞ்சின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எரிக்க ஒரு பர்ஜ் வால்வு உண்டு. அது மூடாமல் திறந்தே சிக்கிக்கொண்டால், டேங்க் நிறைத்த கையோடு கெட்டியான ஆவி மொத்தமாக இஞ்சினுக்குள் போய்விடும். மற்ற நேரம் நன்றாக ஸ்டார்ட் ஆகி, பெட்ரோல் போட்ட உடனே மட்டும் முரண்டு பிடித்தால் முதலில் அந்த வால்வைத்தான் பார்க்க வேண்டும். இஞ்சின் ஓடும்போது அந்த வால்வு 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்வது இயல்பு. டொயோட்டாவின் பெட்ரோல் பிக்கப்களில் வண்டியை அணைத்து சுமார் 5 மணி நேரம் கழித்து, ஆவி கசிகிறதா என்று பார்க்க ஒரு சின்ன பம்ப் தானாக ஓடும். நடு ராத்திரியில் நிறுத்தி வைத்த வண்டி பின்னாலிருந்து முனகுகிறதே என்று அங்கே பலர் பயந்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் பெட்ரோலில் ஓடும் குட்டி யானைகள் உண்டு, அவற்றில் கேனிஸ்டரும் உண்டு. அதை வைத்திருப்பவர்கள் ஆட்டோ கட்டுக்கு, அதாவது நாசில் தானாக நிற்கும் அளவுக்கு, மேல் பெட்ரோல் விடவே கூடாது. நிறைந்து வழியும் பெட்ரோல் ஆவிக் குழாய்க்குள் போய்க் கரித்தூளை நனைத்துவிட்டால் அந்த டப்பா வீணாகிவிடும். உங்களுடையது டீசல். டீசலில் ஆவி மிகக் குறைவு, அதனால் நம் டீசல் பிக்கப்களில் கேனிஸ்டர் வைப்பதில்லை. இல்லாத பாகத்தை மாற்றுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டீசலுக்கும் ஆட்டோ கட்டோடு நிறுத்துவதே முறை. கட் ஆனதும் நம் பங்க்குகளில் "அண்ணே, ரவுண்டு பண்ணிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே கையால் விட்டு விட்டு அழுத்துவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 60 லிட்டர் டீசல் 15 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் கூடும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த டீசல் மத்தியான வெயிலில் விரிய இடம் வேண்டாமா? தொண்டை வரை நிரப்பினால் மூடி வழியாகக் கசிந்து பாடியில் வழியும், அதன் மேல் தூசி படியும், அந்தத் தூசிதான் மூடி வால்வை ஒட்ட வைக்கிறது. மற்றபடி, ஃபுல் டேங்க் போட்டால் வெயிலில் வெடிக்கும் என்று ஒவ்வொரு கோடையிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி உண்மையில்லை, இந்தியன் ஆயில் நிறுவனமே அதை மறுத்திருக்கிறது. ஆட்டோ கட் வரை தாராளமாக நிரப்பலாம். மைலேஜ் பார்ப்பவர்களும் தொண்டை வரை ஊற்ற வேண்டியதில்லை. ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கட் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

நுரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டீசல் வேகமாக விழுந்தால் பெட்ரோலைவிட நன்றாக நுரைக்கும். லாரிக்கென்று வைத்திருக்கும் பெரிய நாசிலில் இரண்டு மடங்கு வேகம், பிக்கப்பின் கழுத்து அதைத் தாங்காது. கூட்டம் இல்லையே என்று அந்தப் பம்பில் நிறுத்தினால் நல்ல வண்டியும் கட் ஆகும். சாதாரண நாசிலிலேயே வேகத்தைக் குறைத்து, நாசிலை முழுக்க அழுத்தாமல் விரல் அகலம் வெளியே இழுத்துக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்கச் சொன்னால், ஹோஸ் சரியாகும் வரை ஓட்டிக்கொள்ளலாம். வண்டி எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது என்பதும் பார்க்க வேண்டும். கழுத்து இருக்கும் பக்கம் மேடாக நின்றால் நல்லது.

பங்க்கில் கேட்கும் சில சத்தங்களுக்கும் டீசலுக்கும் சம்பந்தமே இல்லை. நீண்ட தூரம் ஓடிய வண்டியை அணைத்த கையோடு இறங்கி அதன் பக்கத்தில் நிற்பது நாம் பங்க்கில் மட்டும்தான். அதனால் எப்போதும் இருக்கும் சத்தம் அங்கேதான் காதில் விழுகிறது. சைலன்சரும் அதன் மேல் தகடும் ஆறும்போது டிக், டிக் என்று சுருங்கும். பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் வந்த டீசல் பிக்கப்களில் புகையில் உள்ள கரியைப் பிடிக்க ஃபில்டர் உண்டு. அதில் கரி நிறைந்ததும் 600 டிகிரி வாக்கில் சூடாக்கி வண்டி தானே எரித்துவிடும். அது நடக்கும்போது நீங்கள் பங்க்குக்குள் நுழைந்து சாவியை அணைத்தால், சில மாடல்களில் ரேடியேட்டர் ஃபேன் அணையாமல் உறுமிக்கொண்டே இருக்கும், கருகிய வாடை வரும். தீப்பிடிக்கப் போகிறது என்று தண்ணீர் ஊற்றப் போகாதீர்கள். அடுத்த தடவை அந்த வேலை முடிகிற வரை ஒரே வேகத்தில் ஓட்ட விடுங்கள். ஆனால் அந்தச் சூட்டோடு ரோட்டில் காயப் போட்ட வைக்கோல், சோளத்தட்டை மேல் மட்டும் வண்டியை நிறுத்த வேண்டாம். அது நிஜமாகவே தீப்பிடிக்கும்.

சி.என்.ஜி. பிக்கப்பில் கேஸ் நிரப்பிவிட்டுக் குழாயைக் கழற்றும்போது ஒரு சின்ன 'புஸ்' வரும், அது குழாயில் மிச்சமிருந்த கேஸ். ஒரு நொடியில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சீறினாலோ வாடை தொடர்ந்து வந்தாலோ ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி நின்று பங்க் ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் அழுத்தப்படும்போது சிலிண்டர் சூடாகும், பிறகு ஆறும்போது பிரஷர் மீட்டரில் 200 பாரில் நின்ற முள் கொஞ்சம் இறங்கும். கசிகிறது என்று அர்த்தமில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சிலிண்டர் டெஸ்ட் செய்த தேதி தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய வண்டி வாங்குபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

டீசல் போட்ட பிறகு திணறுவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு, உங்களுக்கு இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. ஒன்று தண்ணீர். மழைக்காலத்தில் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தால் அது நம் டேங்குக்கு வரும். டேஷ் போர்டில் ஃபில்டர் விளக்கு எரியும், இஞ்சின் குலுங்கும். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, டீசலுக்குப் பதில் பெட்ரோல் போட்டுவிடுவது. பங்க்கிலேயே கவனித்துவிட்டால் சாவியை ஒரு கட்டம்கூடத் திருப்பாமல், வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்கைக் காலி செய்ய வேண்டும். டீசல் பம்புக்கு டீசலேதான் எண்ணெய். பெட்ரோல் உள்ளே போனால் உலோகம் உலோகத்தோடு உரசிப் பம்பும் இஞ்செக்டரும் சேர்ந்து கெடும்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது ஒன்று. தோட்டத்து மோட்டாருக்கும் மருந்தடிக்கும் மிஷினுக்கும் பெட்ரோல் வாங்க, பின்னால் பாடியிலேயே கேனை வைத்து நிரப்பச் சொல்கிறார்கள். பாடியில் பிளாஸ்டிக் விரிப்போ ரப்பர் பாயோ போட்டிருந்தால் இது மிக ஆபத்து. பாய்கிற பெட்ரோலால் கேனில் நிலைமின்சாரம் சேரும், விரிப்பு அதைத் தரையில் இறங்க விடாது. நாசில் கேனின் வாயைத் தொடும்போது ஒரு பொறி போதும். அமெரிக்காவில் பிக்கப்களில் பிளாஸ்டிக் விரிப்பு பரவலானபோது இப்படித் தீ விபத்துகள் நடந்து, அரசு அமைப்புகளே எச்சரிக்கை விட்டன. முறையான கேனில் வாங்குங்கள், கேனைக் கீழே இறக்கித் தரையில் வைத்து, நாசில் கேனைத் தொட்டபடி இருக்க மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். பங்க் ஆள் அவசரப்பட்டாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் மூடியை மாற்றுங்கள், திணறல் நிற்கிறதா என்று இரண்டு ஃபுல் டேங்க் பாருங்கள். அப்புறம் லோடு இல்லாத நாளில், இஞ்சின் ஆறிய பிறகு, டார்ச்சோடு கழுத்திலிருந்து டேங்க் வரை அந்தச் சின்ன ஹோஸைத் தொட்டுத் தடவிக்கொண்டே போங்கள். நசுங்கல், தொட்டில் போலத் தொங்கல், கைக்குக் கொழகொழவென்று உப்பிய ரப்பர், இதில் எதைப் பார்த்தாலும் டீசலுக்கு உரிய ஹோஸாக மாற்றி, டேங்கிலிருந்து கழுத்து வரை எங்கும் தாழாமல் ஏறிக்கொண்டே போகும்படி கிளிப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் காற்றை நேராக விட்டு அடைப்பெடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், டேங்கின் மூட்டுகள் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சைக்கிள் பம்பில் ஊதினாலே அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஹோஸ் சுத்தமாக இருந்தும் கட் ஆனால், டேங்கின் மேல்தலையில் அந்த ஹோஸ் சேரும் இடத்தில் அடைப்பு இருக்கும், டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்படியென்றால் டீசல் கால் டேங்குக்குக் கீழே இருக்கும் நாளாகப் பார்த்துக் கொண்டு போங்கள், இறக்கி ஏற்ற இரண்டு ஆள் போதும்.